டிக்கெட் எடுத்தவள்

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ் ஊத்துப்பள்ளம் ஸ்டாப்பில் நிற்காமல் போனது. வேகம்கூடக் குறையவில்லை. ஆறு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். டிரைவர் அவர்களை நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி கிளப்பிய புழுதி எல்லோர் தலையிலும் இறங்கியது.

"வண்டி ஓட்டறானாம் வண்டி! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள் வெண்மதி. பஸ் அதற்குள் வளைவில் திரும்பிவிட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அது அரசாங்கம் கொடுத்த சலுகை. டிரைவரும் கண்டக்டரும் தங்கள் வீட்டுப் பானையிலிருந்து அள்ளிப் போட்டதல்ல. மற்ற வண்டிகளில் நல்ல மனுஷர்களும் இருந்தார்கள், நின்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் இந்தக் காலை வண்டி ஆட்களுக்கு மட்டும் சேலையும் சுடிதாரும் நின்றால் அது ஸ்டாப்பே இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு லுங்கியோ பேன்ட்டோ தெரிந்துவிட்டால் பிரேக் தானாக விழும். ஓசிக்கு வருகிறவர்களுக்காக எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

ஊத்துப்பள்ளத்துப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஸ்டாப்புக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் மாதுவைப் பிடித்தார்கள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் மாது முன்னால் வந்து நின்று கையைக் காட்டுவான். வண்டி நிற்கும். பெண்கள் முண்டியடித்து ஏறுவார்கள். கடைசியில் மாது தலையைச் சொறிந்துகொண்டு, "நான் வரலீங்க, போன மறந்து வெச்சிட்டேன்" என்பான். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் கொடுப்பார். டிரைவருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று வாரத்தில் ஒருநாள் அவன் நிஜமாகவே ஏறி தர்மபுரி போய் டியூப், ஒட்டு எல்லாம் வாங்கி வருவான். அந்த டிக்கெட் காசைப் பெண்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இப்படியாக ஒரு ஆம்பளையை நட்டுவைத்து ஆறு பொம்பளைகள் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். நினைத்தால் சிரிப்பு வரும். வெண்மதிக்கு வயிறு எரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மாது கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தான். பஸ் வந்ததைப் பார்த்தான், போனதையும் பார்த்தான். ஒரு டயரை எடுத்து உருட்டி வைத்தானே தவிர எழுந்திருக்கவில்லை.

"ஏன் மாதண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள் செல்லி. அவள் தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை செய்பவள்.

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல. ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் காவக் காக்கறதுக்கு நான் என்ன நேந்துக்கிட்டா இருக்கறேன்? திமிரு புடிச்சவளுங்கள்லாம் அவங்கவங்க வூட்டு ஆம்பளயக் கூட்டியாந்து நிறுத்திக்கட்டும்."

பேச்சு செல்லியிடம், கண் வெண்மதியிடம். எல்லோரும் திரும்பி வெண்மதியைப் பார்த்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளை மாது கடை ஓரமாகக் கூப்பிட்டு போன் நம்பர் கேட்டான். எதற்கு என்றாள். "ராத்திரில தனியா இருக்கறியே, ஒரு தொணைக்குப் பேசலாமுன்னுதான். ஒனக்காகத்தான் தெனமும் வேலையப் போட்டுட்டு வந்து நிக்கறேன், தெரிஞ்சிக்க" என்றான். வெண்மதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒம்பொண்டாட்டி நம்பரு இருக்குது எங்கிட்ட. அதுக்குப் போட்டு ஒனக்குத் தொண வேணுமாமுன்னு சொல்லட்டுமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அதற்குத்தான் ஆறு பெண்களுக்கும் பஸ் போனது.

வெண்மதியின் புருஷன் கலைவாணன் பெங்களூருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனவன். முதலில் மாசாமாசம் வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் வைத்துவிட்டான். செத்திருந்தால் விதவை என்று பேராவது இருந்திருக்கும். நாலு பேர் ஐயோ பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். இவள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஊரில் எல்லோரும் அவள் என்ன குறை வைத்தாளோ என்றுதான் யோசித்தார்கள், அவன் வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்பதாவது படிக்கும் பூவிழி, இரண்டாவது படிக்கும் கதிரவன், இவள். மூன்று வயிறும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பும் மிளகாயும் பாக்கெட் போடும் சம்பளத்தில்தான் நடந்தது. கேஸை டீக்கும் தாளிப்புக்கும் மட்டும் பற்ற வைப்பாள். சோறும் வெந்நீரும் விறகில். ரேஷன் அரிசியில்தான் இட்லி, அது கல்லாகாமல் இருக்க ஒரு பிடி அவல் போட்டு அரைப்பாள். கதிரவனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள், அதனால் அவன் வீட்டில் கேட்டால் அதட்டுவாள். அதட்டிவிட்டு, அரை டம்ளர் பாலைக் கொடுப்பாள். இந்த வாழ்க்கையில் ஓசி பஸ் என்பது சலுகை அல்ல, அடிக்கல். அதை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். ஷேர் ஆட்டோவில் தினமும் போய் வந்தால் சம்பளத்தில் கால்வாசி ரோட்டிலேயே கரைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போய் இறங்கியபோது மணி ஒன்பதே கால். மேனேஜர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைக் காட்டினார்.

"பஸ்ஸு நிக்கலீங்க சார்."

"தெனமும் இதே பாட்டு. பஸ்ஸுன்னா நிக்காம போவுமா? கேக்கறவன் கேனயன்னு நெனச்சியா?"

"சத்தியமா நிக்கறதில்லீங்க. பொம்பளைங்க மட்டும் நின்னா..."

"கத வேணாம். திங்கக்கெழம ஒம்பதுக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் உள்ள வராத. அப்பிடியே திரும்பிப் போயிரு. ஒன் எடத்துக்கு நாலு பொண்ணுங்க கேட்டுட்டு நிக்குது."

அவர் சொன்னால் செய்கிறவர். போன மாதம் கூட வேலை பார்த்த அமுதாவை அப்படித்தான் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்லி வீட்டுக்கு வந்தாள். கூடவே, தையல் கம்பெனியில் வேலை செய்யும் சசிகலாவும் வந்தாள். வெண்மதி துணி அலசிக்கொண்டிருந்தாள். பூவிழி பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வந்த இரண்டு பேரும் உட்காராமல் நின்றதிலேயே வெண்மதிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏ வெண்மதி, மாதண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசிடு. ஒன்னால எங்க பொழப்புல மண்ணு வுழுவுது" என்றாள் செல்லி.

"என்னா பேசணும்?"

"தெரியாம சொல்லிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொல்லு. நம்பரு கேட்டா குடுத்துட்டுப் போயேன். போன எடுக்கணுமுன்னு சட்டமா? அடிச்சா அடிச்சிட்டு இருக்கட்டும்."

வெண்மதி கையிலிருந்த துணியை வாளிக்குள் ஓங்கிப் போட்டாள். சோப்புத் தண்ணீர் மூன்று பேர் மேலும் தெறித்தது.

"ஒன் நம்பரக் குடேன் செல்லிக்கா. ஒம்மவ நம்பரக் குடேன். பஸ்ஸு நிக்கோணுமுன்னா யாரு நம்பரா இருந்தா என்னா?"

"இன்னாடி பேசற நீயி? எனக்கு வூட்டுல புருசன் இருக்கறாரு!"

"அப்ப அவரக் கூட்டியாந்து நிறுத்து!"

"அவரு எந்திரிக்கவே பத்து மணியாவுமுன்னு ஊருக்கே தெரியும்" என்று சசிகலா இடையில் சொல்லிவிட்டாள். செல்லி அவளை முறைத்தாள். பிறகு இருவரும் சேர்ந்து வெண்மதியை முறைத்தார்கள். ஆம்பளை இல்லாத வீட்டுக்காரி அடங்கித்தான் போக வேண்டும், இவளுக்கு மட்டும் என்ன இத்தனை வீறாப்பு என்று வாசல் படலைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே போனார்கள்.

மாது மேல் வந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்த கோபம்தான் அவளைத் தின்றது. அவன் அயோக்கியன், அதோடு முடிந்தது. இவர்கள் தினமும் அவள் பக்கத்தில் நின்று புழுதி தின்றவர்கள். எப்படி மனசு வந்தது?

"அம்மா, நாளைக்கு நான் வேணா அப்பா சட்டயப் போட்டுட்டு நிக்கட்டுமா? தலையில துண்டக் கட்டுனா தூரத்துலருந்து தெரியாது" என்றாள் பூவிழி.

"மூடு வாய! பள்ளிக்கூடம் போற புள்ள ரோட்டுல வேசம் கட்டி நிக்கறதா?"

அதட்டலைக் கேட்டுப் பூவிழி கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். வெண்மதி தன்மேலேயே எரிச்சலோடு மீதித் துணியை அடித்துத் துவைத்தாள். ஆனால் பேச்சு மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. கலைவாணன் விட்டுப் போன கட்டம் போட்ட சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. விறகு பொறுக்கப் போகும்போது முள் கீறாமல் இருக்க அவள் அதைத்தான் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வாள். புருஷனைக்கொண்டு ஆகிற பிரயோஜனம் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஸ்டாப்புக்கு முன்னால் லுங்கியும் கட்டம் போட்ட சட்டையும் தலைப்பாகையுமாக ஒரு ஆள் நின்றான். செல்லி அடையாளம் தெரியாமல் மாராப்பைச் சரி செய்துகொண்டாள். பிறகு கால் கொலுசைப் பார்த்து வாயைப் பிளந்தாள். எதிர்க் கடையில் மாது எழுந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

பஸ் வந்தது. வெண்மதி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, ஆம்பளைகள் காட்டுவது போலவே, சோம்பலாகக் கையைத் தூக்கினாள். வண்டி பணிவாக நின்றது. அதுதான் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. மூன்று வருஷமாகக் கத்தியும் கும்பிட்டும் நிற்காத வண்டி, ஓடிப்போனவன் சட்டைக்கு நின்றது!

"பஸ்ஸு நின்னுருச்சு மாதண்ணா, நீ போயி பஞ்சர் ஒட்டு!" என்று சசிகலா சிரித்துக்கொண்டே ஏறினாள். நேற்று முறைத்தவள் இவள்தான்.

வெண்மதி உள்ளே வந்து தலைப்பாகையை அவிழ்த்து, சேலைக்கு மேல் சுற்றியிருந்த லுங்கியை உருவிப் பைக்குள் திணித்தாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"யார ஏமாத்தறதுக்கு இந்த வேசம்? ஆம்பளயா நின்னு வண்டிய நிறுத்துனல்ல, ஆம்பளயாவே டிக்கெட்ட எடு. இல்லன்னா எறங்கு."

பின் சீட்டில் யாரோ விசில் அடித்தார்கள். "ஓசிக்கு வர்றதுக்கே இத்தினி ஆட்டமா?" என்றது ஒரு வேட்டி. வெண்மதி பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் நிறுத்திய வண்டியில் ஏறியவர்கள் ஐந்து பேர். ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. செல்லி ஜன்னல் வழியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்மதி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாயங்காலம் பாலுக்கு வைத்திருந்த காசு அது.

"எடுக்கறேன். தர்மபுரி ஒண்ணு குடு."

இதுவரை அவள் அந்தக் கண்டக்டரை "வாங்க, போங்க" என்றுதான் பேசியிருக்கிறாள். காசு கொடுத்த கையோடு மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கண்டக்டரும் விளையாட்டு இப்படிப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அவள் உட்காரவில்லை. முன்படிக்குப் போய் டிரைவருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

அடுத்த ஸ்டாப் செங்கல் சூளை. மூன்று பெண்கள் சோற்றுத் தூக்குப் போசியோடு கையை நீட்டினார்கள். வண்டி வேகம் எடுத்தது.

"நிறுத்து. எறங்கணும்" என்றாள் வெண்மதி.

"தர்மபுரிக்குத்தானே எடுத்த?" என்றார் டிரைவர்.

"காசு குடுத்தவ நானு. நடுவுல எங்க வேணாலும் எறங்குவேன். நீதான டிக்கெட் எடுத்தவங்களுக்கு நிறுத்தற ஆளு? நிறுத்து!"

தொண்டை கிழியக் கத்தினாள். டிரைவர் பதறி பிரேக்கை அழுத்தினார். சூளைப் பெண்கள் நம்ப முடியாமல் ஓடி வந்து ஏறினார்கள். வெண்மதி கம்பியை விடவில்லை.

"எறங்குடி!" என்று கத்தினார் டிரைவர்.

"வழிய மறிச்சிக்கிட்டு ஏறிட்டாங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன், போ."

அடுத்த ஸ்டாப்பிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். கண்டக்டர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடு. ஸ்டாப்புல நிறுத்தச் சொன்னாளுன்னு எழுதிக் குடு" என்றாள். பென்ஷன் வாங்கப் போன ஒரு பெரியவர் மட்டும், "அந்தம்மா கேக்கறது ஞாயந்தானேப்பா" என்று சொல்லிவிட்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு பேர், நான்கு பேர் ஏறினார்கள். வண்டி நிரம்பிக்கொண்டே வந்தது, நேரமும் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் முணுமுணுத்தது சசிகலாதான்.

"ஏ வெண்மதி, போதுமுடி. எங்களுக்கும் நேரமாவுதில்ல? அடுத்த வண்டில வந்துக்குவாங்க."

"வெள்ளிக்கெழம நீயி அடுத்த வண்டிலயா வந்த? ரோட்டுல நின்னு அழுதியே, மறந்து போச்சா?"

"அதுக்குன்னு ஊரையே ஏத்திக்கிட்டுப் போவ முடியுமா?"

செங்கல் சூளையில் ஏறிய பெண் ஒருத்தியும், "ஆமாங்க்கா, லேட்டாவுது" என்றாள். வெண்மதிக்கு ரத்தம் கொதித்தது. படியில் கால் வைக்கும்வரைதான் எல்லோரும் ஒரு ஜாதி. சீட் கிடைத்த நிமிஷத்தில் அந்த டிரைவரின் அக்கா தங்கச்சியாகிவிடுகிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று திரும்பினாள். அப்போது கண்டக்டர் கையில் கட்டியிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம்.

தர்மபுரிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரே ஒரு ஸ்டாப் பாக்கி. வேடியப்பன் கோயில். அங்கே நிற்காமல் போனால், பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினால், சரியாக ஒன்பதுக்குக் கடைக்குள் கால் வைத்துவிடலாம். நின்றால் முடியாது. தூரத்தில் கோயில் மரத்தடியில் ஒரே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை.

ஒருத்திதானே என்று வெண்மதிக்குத் தோன்றியது. இத்தனை பேரை ஏற்றியாகிவிட்டது, ஒருத்தி அடுத்த வண்டியில் வரட்டுமே. டிரைவர் இந்த ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்காமல் மிதித்துவிட்டால் நன்றாக இருக்கும், பழி தன்மேல் விழாது. சசிகலா சொன்ன அதே வார்த்தை! தன் வாயிலும் அதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பே பற்றி எரிந்தது. கதிரவனின் பாலும் பூவிழியின் பள்ளிக்கூடமும் எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து நின்றன. மரத்தடிக்காரி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நிற்காது என்று தெரிந்தவளைப் போல பாதிக் கையைத்தான் தூக்கினாள்.

"நிறுத்துடா!" என்று அலறினாள் வெண்மதி.

வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் நிதானமாக ஏறினாள், பையை ஒருமுறை, குழந்தையை ஒருமுறை என்று. வெண்மதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யாரால் நின்றது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கி வண்டி நின்னுருச்சே, அதிசயமா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

கடை வாசலில் மேனேஜர் கட்டம் போட்ட சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கும் பஸ்ஸு நிக்கலியாக்கும்?"

"நின்னுச்சுங்க சார். எல்லா ஸ்டாப்புலயும் நின்னுச்சு. அதான் லேட்டு."

அவர் சிரித்துவிட்டார். அழுவாள், காலில் விழுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தார். வெண்மதி அழவில்லை. அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் அழுகைக்கு இடம் இல்லை.

"இது வரைக்கும் பாத்த வேலைக்குச் சம்பளத்த எடுத்து வைங்க. வாங்கிட்டுத்தான் போவேன்" என்றாள். அன்று பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

சாயங்காலம் பூவிழி பள்ளிக்கூடத்துப் பையைக்கூடக் கழற்றவில்லை.

"பஸ்ஸு நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சு."

"வேல?"

"போச்சு."

பூவிழி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வெண்மதி சட்டையைக் கழற்றி வாளியில் போட்டு, சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அந்தச் சட்டய எதுக்கும்மா இப்ப தொவைக்கற?"

"காலையில காயணுமில்ல. வேற வேல தேடி தர்மபுரிக்குப் போவேண்டாமா?" என்றாள் வெண்மதி. "செங்கல் சூளக்காரிங்களும் அங்க நிப்பாங்க."